காய்ப்பு என்றுதான் நினைத்தோம்

மார்ச் 3

அன்புள்ள மாஸ்டருக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று போனில் கேட்டால் "ம்" கொட்டி வைத்துவிடுகிறீர்கள். காகிதத்துக்கு "ம்" கொட்ட முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

கடையில் பள்ளிச் சீருடை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. நீங்கள் வெளியூர் ஆர்டருக்குப் போனதிலிருந்து வெட்டுமேசையில் நான் ஒருத்திதான். நீங்கள் நிற்கும் பக்கம் வெறுமையாகக் கிடந்தால் மனசுக்கு என்னவோ போலிருக்கிறது என்று துணியை அடுக்கிவைத்திருக்கிறேன்.

கட்டைவிரலுக்கு அடியில் கத்தரி பிடித்த காய்ப்பு பெரிதாகிவிட்டது. வலியில்லை. ஆனால் வெடித்த தோல் ஆறமாட்டேன் என்கிறது. எப்போது வருவீர்கள்?

உங்கள் வாயாடி

மார்ச் 21

வாயாடிக்கு,

காய்ப்பு இல்லாத கட்டர் எந்த ஊரில் இருக்கிறான்? கல்லால் தேய். மெழுகு தடவு. கத்தரிப் பிடியில் துணி சுற்று. யார் காய்ப்பு பெரிசு என்று நாம் பந்தயம் கட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது நீ ஜெயித்துவிட்டாய் போலிருக்கிறது.

இந்த ஆர்டர் முடியட்டும், வந்துவிடுகிறேன்.

உன் மாஸ்டர்

மே 9

அன்புள்ள மாஸ்டருக்கு,

நீங்கள் சொன்னபடி தேய்த்துக்கொண்டே இருந்தேன். மணிக்கட்டுக்கு மேலே இன்னொரு கட்டி கிளம்பியது. கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அக்காதான் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோயாம். தோலுக்கு அடியில் மென்மையான சதையில் வருகிற, அபூர்வத்திலும் அபூர்வமான ரகமாம். எனக்கு வாய்த்ததைப் பாருங்கள்.

டாக்டர் மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாக்க வெறும் காய்ப்பு மாதிரிதான் இருக்கும். வலிக்காது. அதான் எல்லாரும் ஏமாந்துபோறாங்க" என்றார். அத்தனை பேரும் என் கையையே குனிந்து பார்த்தார்கள்.

முழங்கைக்குக் கீழே எடுத்துவிட வேண்டுமாம். வலது கை. ஜூன் இரண்டாம் தேதி. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆர்டர் கிடக்கட்டும், வந்துவிடுங்கள்.

உங்கள் வாயாடி

மே 27

வாயாடிக்கு,

கடிதம் பார்த்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இங்கே முதலாளி அடுத்த மாதக் கடைசிவரை பொறுக்கச் சொல்கிறார். தேதியைத் தள்ளிப்போடச் சொல். கத்தரி பிடிக்கிற கையைக் கொடுத்துவிட்டு என்ன செய்வாய்? நான் வந்து வேறு டாக்டரைப் பார்ப்போம். அதுவரை எதற்கும் சரி என்று சொல்லாதே.

உன் மாஸ்டர்

ஜூன் 20

மாஸ்டருக்கு,

நான் சொல்லச் சொல்ல இதைக் காஜா அக்கா எழுதுகிறார்.

தேதியைத் தள்ளவில்லை. தள்ளினால் நோய் மேலே ஏறிவிடும் என்றார்கள். கை போய்விட்டது. நுரையீரலில் ஒன்றுமில்லையாம், பிழைத்துக்கொள்வேன் என்கிறார்கள். அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். இடது கையால் சோறு அள்ளினால் பாதி மடியில் விழுகிறது. இருவரும் சிரித்துக்கொள்கிறோம்.

டிக்கெட் எடுத்துவிட்டதாக நேற்று போனில் சொன்னீர்கள். காய்ப்பு என்று சொன்னதற்காக உங்கள்மேல் கோபமில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் தொழிலில் யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள்?

ஆனால் அன்றைக்கு என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, "யாராவது வரணுமாம்மா?" என்று நர்ஸ் கேட்டார். வருவார் என்றேன். மயக்க மருந்து ஏறும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரமாட்டீர்கள் என்று தெரிந்தும் பார்த்தேன்.

இனிமேல் அப்படிப் பார்க்க என்னால் ஆகாது. டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.