மாப்ள முன்னாடி கழட்டாத பல் செட்

ஆஞ்சலா, ரசம் ஃப்ரிட்ஜுல இருக்கு, சூடு பண்ணிக்கோ. நீ லீவு போடாத, டாக்டர்கிட்ட நான் தனியாவே போறேன்.

நேத்து அவர்கிட்ட போன்ல சண்டை போட்டியே, மம்மி நாக்குல மூணாவது தடவையா வெள்ளை ஃபங்கஸ் வந்திருக்கு, என்ன மருந்து குடுக்கறீங்கன்னு. தப்பு அவர் மேல இல்லடி. நுரையீரலுக்கு இன்ஹேலர் பஃப் இழுத்ததும் பல் செட்டைக் கழட்டி வாய் கொப்பளிக்கணும், இல்லன்னா ஃபங்கஸ் வரும்னு முதல் நாளே சொன்னாரு. தினம் பண்றேன்னு நான்தான் பொய் சொல்லிட்டேன். காலைல பாத்ரூம்ல யாராவது குளிக்கறீங்க. வாஷ்பேசின் இருக்கறது டைனிங் டேபிள் பக்கத்துல, அங்க மாப்ள உக்காந்திருக்காரு. பல்லில்லாத வாயோட அவர் முன்னாடி எப்படி நிப்பேன்? கொப்பளிக்காமலே வந்துடுவேன். நீ எனக்காக டாக்டரைத் திட்டறப்ப கூட பக்கத்துல பேசாம உக்காந்திருந்தேன் பாரு, அதுதான் ரொம்ப வெக்கமா இருக்கு. இன்னைக்கு நானே சொல்லிடறேன்.

சாவி கீழ்வீட்டு பிரிஜெட்கிட்ட.

மம்மி

இன்னொண்ணு. இன்னைக்குக் காலைல துணிஞ்சு அந்த பேசின்லயே கொப்பளிச்சேன். மாப்ள டீ கப்பை எடுத்துக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுட்டாரு. நான் பல்லை மாட்டி முடிக்கற வரைக்கும் திரும்பவே இல்ல.