உங்களுக்காகக் காத்த துடக்கு

அக்கா,

இன்று மத்தியானம் கோழிச் செட்டையைத் தின்றுவிட்டு எலும்பைக் கோப்பையோரம் வைத்தபோது என் கை நின்றுவிட்டது. ஆசிரியர் அறையில் சாப்பிடும்போது நீங்கள் அதைத்தான் என் கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவீர்கள். மேலே ஓர் எலும்பு, கீழே இரண்டு, பிறகு விரல்கள். வாவி முதலைக்கும் வௌவாலுக்கும் இதே அடுக்குத்தான் என்பீர்கள். சமயம் படிப்பிக்கிற எனக்குச் சோறு இறங்காது. விஞ்ஞானத்தை வகுப்பில் வைத்துவிட்டு வரச் சொல்லி ஏசுவேன்.

காத்தான்குடி முஸ்லிமான உங்களுக்கும் நாவற்குடாச் சைவமான எனக்கும் தாய்வழி வந்த குடிப்பேர் ஒன்றுதான் என்று தெரிந்த நாளோடு 'ரீச்சர்' போய்த் 'தங்கச்சி' வந்தது. நானும் 'அக்கா' என்றேன். பாதி பகிடியாகத்தான்.

பிறகு என் மகள் வெல்லாவெளிப் பொடியன் ஒருவனை விரும்பினாள். அவனும் எங்கள் குடி. ஒரு குடிக்குள் எல்லாரும் சகோதரங்கள், கலியாணம் கூடாது. தாய்மாமனான என் அண்ணன் ஒரே பிடியாக மறுத்தார். நானும் அவர் பக்கம்தான். மகள் என்னோடு கதைப்பதை விட்டாள்.

கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தீர்கள். அண்ணனையும் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "தாய், தாயிட தாய் எண்டு பின்னால போங்க தங்கச்சி. ஓரிடத்தில உங்களுக்கும் எனக்கும் ஒரே தாய். இன்னும் போனா கோழிக்கும் நமக்கும் ஒரே தாய். எங்கயாவது நிப்பாட்டத்தானே வேணும்? இந்தப் புள்ள அழுறதுக்கு முதல் நிப்பாட்டுங்க."

என் மகளைக் கோழியோடு சேர்க்கிறீர்களா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றிரவு மகளிடம் சரி என்றேன். அண்ணன் சில நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்துவிட்டுக் கலியாணத்துக்கு நாள் பார்க்கப் போனார்.

கலியாணம் நெருங்கும்போது நெஞ்சு நோகுது என்று படுத்தீர்கள், எழும்பவில்லை. அன்றைக்கே அடக்கினார்கள். நான் வீட்டுக்கு வந்து தலைமுழுகினேன், சாமி விளக்கு ஏற்றவில்லை. சாவுத் தீட்டான துடக்குக் கழியும்வரை கலியாணம் இல்லை என்றேன். "அவங்க செத்தா நமக்கென்ன துடக்கு?" என்றார் அண்ணன். குடி ஒன்றென்றால் துடக்கும் ஒன்றுதான் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் இதைச் சாட்டாக வைத்து விலகிவிடுவார்களோ என்றும் பயந்தேன்.

மகள்தான் போனை எடுத்து மாப்பிள்ளையின் தாயிடம் பேசினாள். "எங்கட பெரியம்மா மோசம்போயிட்டா மாமி. துடக்குக் கழியட்டும்."

அந்தத் தாய், முறையாகக் காத்து முடியுங்கள், நாங்கள் இருக்கிறோம் என்றாவாம். அண்ணன் பந்தல்காரனை மறிக்கப் போனார். துடக்குக் கழிந்துதான் தாலி ஏறியது.

ஆடி அமாவாசையில் அமிர்தகழித் தீர்த்தத்தில் எங்கள் குடியில் இறந்தவர்களை நினைத்து முழுகுவேன். இப்போது உங்களுக்கும் சேர்த்து ஒருதரம் முழுகுகிறேன். உங்கள் மார்க்கத்தில் இது இல்லை என்று தெரியும். கோபிக்காதீங்க அக்கா, கூடப்பிறந்தவளுக்குச் செய்யாமல் கரையேற என்னால் முடியவில்லை.