ஆசிரியர் ஒப்புதல்

சிட்லபாக்கம்,
ஜனவரி 6

அன்புள்ள எப்சிக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். லீட்ஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறேன். இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் சொன்னால் பாதியிலேயே போன் போட்டுக் கத்துவாய், காகிதத்தோடு சண்டை போட முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும். கூட வரும் பார்சலில் உன் நாவல் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு அப்புறம் அதைத் திற.

ஊர்ச் சமாசாரம் முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் ஏரித் தண்ணீர் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டு நல்ல பிள்ளையாகத் திரும்பிப் போய்விட்டது. பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, மகன் இதோ நாவலூரில் இருக்கிறான், அவனே எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கிறான், கடல் தாண்டிப் போனவளை நான் என்னவென்று குறை சொல்வது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் போதகர் உன் புத்தகத்தைப் பற்றி அறிவித்தார், எல்லோரும் கை தட்டினார்கள், வெளியே வந்ததும் ஒருத்தர்கூட எங்கே கிடைக்கும் என்று கேட்கவில்லை. உனக்குத் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

எத்தனை பதிப்பகத்துக்கு அனுப்பினாய், எத்தனை பேர் பதிலே போடவில்லை, எத்தனை பேர் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டால் போடுகிறோம் என்றார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் போனில் நீ அழுதபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். கடைசியில் பதிப்பாளர் பக்தவச்சலம் தன் கைக்காசு போட்டு அச்சிடுகிறேன் என்று சொன்னபோது நீ குதித்தாய். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குள் கதை என்ன என்று அப்பா என்னிடம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அவருக்கு வாசித்துக் காட்டினாயே, என்னிடம் ஒரு வரி காட்டினாயா?

பக்தவச்சலம் பழைய காலத்து ஆள், பிழை திருத்துகிற மெய்ப்பைத் தாளில் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. அக்டோபரில் நம் வீட்டுக்குக் கூரியரில் அனுப்பினார். நீ என்ன சொன்னாய்? ஒற்றுப்பிழை மட்டும் பாரும்மா, க், ச், த், ப் விட்ட இடத்தில் போடு, வேறு எதிலும் கை வைக்காதே என்றாய். முப்பத்து மூன்று வருஷம் தாம்பரத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவளை ஒற்று பொறுக்குகிற வேலைக்கு வைத்தாய். பொறுக்கினேன். பக்கத்துக்குப் பக்கம் விட்டிருந்தாய், நான் பெற்ற பிள்ளையா இது என்று வெட்கமாக இருந்தது. பிறகு அந்த எட்மண்ட் வந்தான். திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுகிறவனாம், டீச்சரைக் கட்டியவனாம். பேர் மாற்றினால் ஊருக்குத் தெரியாதா எப்சி? வாயைத் திறந்தால் "இன்னாத்துக்குக் கூவுற, வூட்ல சோறு கீதா இல்லியா" என்கிறான். உன் அப்பாவின் மூச்சு முதற்கொண்டு அப்படியே வைத்திருந்தாய்.

நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு ஆண்டுவிழாவுக்கு அவரை அழைத்துப் போனேன். தலைமையாசிரியையிடம் அவர் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினார். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, இவர் உங்களைக் கூட்டிவந்த ஆட்டோக்காரரா டீச்சர் என்று கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அன்றையிலிருந்து அவரைப் பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடவில்லை. இருக்கு என்று சொல்லுங்கள், வீடு என்று சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கெஞ்சி என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. நான் பொத்திப் பொத்தி வைத்ததை நீ அச்சுப் போட்டு விற்கப் பார்த்தாய். நீ அப்படிப் பேசுகிறாயா? கான்வென்ட்டில் படித்தாய், வெள்ளைக்காரனோடு வேலை செய்கிறாய், உன் மகளுக்கு அப்பம் என்று சொல்லக்கூட வாய் வராது. உனக்கு "கீது" எதற்கு? படித்தவர்கள் வாசித்து ஆகா என்ன மண்வாசனை என்று சப்புக் கொட்டுவதற்கு உன் அப்பாவின் வாய்தான் கிடைத்ததா?

திருத்தினேன். சிவப்பு மையில், ஒரு பக்கம் விடாமல். எட்மண்ட் இப்போது "எதற்காகச் சத்தம் போடுகிறாய், வீட்டில் சோறு இருக்கிறதா இல்லையா" என்று கேட்கிறான், கௌரவமாக இருக்கிறான். கட்டு போய்ச் சேர்ந்ததும் பக்தவச்சலம் கூப்பிட்டார். என்னம்மா, எட்மண்ட் பேசற இடமெல்லாம் மாறியிருக்கே, ஆசிரியர் ஒப்புதல் இருக்கா என்று கேட்டார். நூலாசிரியர் என்று கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேனோ என்னவோ. ஆசிரியர் என்று கேட்டார். நான் ஆசிரியர்தானே? இருக்கிறது, தாராளமாகப் போடுங்கள் என்றேன். அவர், எட்மண்டுக்காகத்தாம்மா இந்த நாவலையே எடுத்தேன், சரி, அவங்களே சொல்லிட்டாங்கன்னா சரி என்று வைத்துவிட்டார். புத்தகக் காட்சி அவசரத்தில் அவர் உனக்குப் போன் செய்யவில்லை. நீயும் அம்மா பார்த்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்துவிட்டாய். அழாதே. அடுத்த பதிப்பு வந்தால் பழையபடி மாற்றிக்கொள். அடுத்த பதிப்பு வருகிற அளவுக்கு நீ எழுதியிருக்கிறாயா என்பது வேறு விஷயம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிரதிகள் வந்தன. பட்டறையில் அத்தனை பேரிடமும் அப்பா தம்பட்டம் அடித்து வைத்திருந்தார், "நம்ம பேச்சு அப்பிடியே பொஸ்தவத்துல வர்துபா" என்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். நான் பெருமையாகத்தான் பக்கத்தில் நின்றேன். புரட்டினார், திரும்ப முன்னால் போனார், மறுபடியும் புரட்டினார். "இது ஆரு பேசறது?" என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். "நா இல்ல மே இது, வேற எவனோ" என்று மூடி வைத்துவிட்டார். பட்டறைக்கு ஒரு பிரதிகூட எடுத்துப் போகவில்லை.

மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "அமலராணி அவர்களே, அருந்துவதற்குச் சிறிது நீர் கிடைக்குமா?" என்றார். விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதிலிருந்து என்னிடம் அப்படித்தான் பேசுகிறார். "தங்கள் சமையல் நன்றாக இருந்தது" என்கிறார். "நான் பணிக்குச் சென்று வருகிறேன்" என்கிறார். பிழை இருக்கிறதா என்று கவனித்துக் கேட்டேன், ஒரு ஒற்றுகூட விடவில்லை. இத்தனை வருஷமும் தெரிந்தேதான் இப்படிப் பேசாமல் இருந்திருக்கிறார் படுபாவி. நண்பர்கள் போன் செய்தால் "இன்னா மச்சான்" என்று பழைய குரல் கேட்கிறது, நான் அறைக்குள் போனால் நின்றுவிடுகிறது. "மே" என்று என்னைக் கூப்பிட்டு இரண்டு வாரம் ஆயிற்று. நாகலக்ஷ்மி, உங்க வீட்டுக்காரர் எவ்வளவு மரியாதையா பேசறார் என்று கண் வைக்கிறாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது, எனக்கு என்ன குறை. ராத்திரி விளக்கை அணைத்தால் பக்கத்தில் யாரோ வாடகைக்கு வந்த ஆள் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது.

இதற்கெல்லாம் காரணம் நீ. எழுதாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. உடம்பைப் பார்த்துக்கொள், பேத்திக்குத் தலைக்குக் குல்லா போடாமல் வெளியே அனுப்பாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக. இன்னொரு நாவல் எழுதுகிற எண்ணம் இருந்தால் அதையும் அவரே எடுத்துப்போடட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிடும்போது நான் கேட்கச் சொன்னேன் என்று சொல்லாமல், அம்மா எங்கே என்று சும்மா கேள். அவர் என்னைப் பற்றி உன்னிடம் எப்படிச் சொல்கிறார் என்று எனக்கு எழுது. திருத்தாமல், அவர் சொன்னபடியே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. அமலராணி,
தமிழாசிரியை (ஓய்வு)