பொட்டு வைத்த பீரங்கி

ஒக்டோபர் 8, 2008. மழை.

ஆயுத பூசை. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் குறைவு. அங்கே ஆயாவான எனக்கு அரை நாள் ஓய்வு. அவல், கடலை.

என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆசாரி. பட்டறையில் வாள், உளி, இழைப்புளி எல்லாம் கழுவிப் பொட்டு வைத்தார். கூடவே அந்த ரெண்டு மரப் பீரங்கிக்கும். றப்பர் மரம், பச்சைப் பெயின்ட். டவுன் மர மில் முதலாளி, ஆமிக்கு என்று செய்யச் சொன்னது. வடக்கில் வெட்டவெளியில் நிறுத்துவார்களாம். எதிரி நிஜமென்று நம்பி குண்டையெல்லாம் அதன் தலையில் கொட்டித் தீர்ப்பானாம். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கட்டளை.

பட்டறையில் ஒன்றைப் பொட்டில்லாமல் விட அவருக்கு மனசு வரவில்லை. செவ்வந்தி மாலை வேறு. நானே கட்டினேன். அழகாகத்தான் இருந்தது.

ஒக்டோபர் 9. தூறல்.

விடிய பொலிஸ் சுற்றிவளைப்பு. பட்டறையைத் திறந்தவர்கள் மாலை போட்ட பீரங்கியைப் பார்த்துப் பின்வாங்கி ஓடினார்கள். எனக்குச் சிரிப்பு. அப்போது மட்டும்.

மரம் என்று தெரிந்த பிறகும் விடவில்லை. இது வெறும் மாதிரியாம், நிஜத்தை வேறெங்கோ செய்கிறாராம், மாலை போட்டுக் கும்பிடுகிறாராம். ஒரு பீரங்கியையும் அவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். மற்றதற்கு இடமில்லை. ஆமி ஓடர் என்று அவர் வாயே திறக்கவில்லை. கொடுத்த வாக்காம். என்ன மனுசனோ!

முதலாளிக்குப் போன். ஓஃப். தோட்டத்து மனேஜர் தொரையிடம் போனேன். பொலிஸ் விசயத்தில் தோட்டம் தலையிடாதாம்.

ஒக்டோபர் 10. மழை விட்டது.

மில்லுக்கே போனேன். முதலாளி கொழும்பில் என்றான் கேட் காவல்காரன். முதலாளியின் வேன் உள்ளே நிற்கிறது. எனக்கென்ன கண் குருடா?

பொலிஸ் அவரை வெளியூருக்குக் கொண்டுபோய்விட்டால் எங்கே போய்த் தேடுவேன். பயம். கோபம் மட்டும்தான் என்னை நிற்க வைத்திருக்கிறது.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்லம்மா அக்காதான் வழி சொன்னாள். "ரகசியம்னுதானே ஒளியுறான். அந்த ரகசியத்தைத் தூக்கிக்கிட்டுக் கடைவீதிக்குப் போவோம்டி."

ஒக்டோபர் 11. நல்ல வெயில்.

றப்பர் பால் வெட்டி முடித்த பெண்கள் எல்லாரும் வந்தார்கள். மற்றப் பீரங்கி தோளில். மாலை வாடல். பொட்டு அப்படியே. அதையாவது அழிப்போம் என்றாள் ஒருத்தி. மாட்டேன் என்றேன்.

கடைவீதி முழுக்க வேடிக்கை. த்ரீவீல்காரர்களின் ஹோர்ன். தெரணியகலை பஸ் ஜன்னலெல்லாம் தலை. கேட்டவர்களுக்கெல்லாம் சிங்களத்தில் விவரமாகச் சொன்னேன்: யார் ஓடர், எதற்கு, எங்கே போகிறது. பொலிஸ் வாசலை நாங்கள் எட்டுமுன், கொழும்பில் இருந்த முதலாளி பெல்ட்டைப் பூட்டிக்கொண்டே வேனிலிருந்து குதித்தார். உள்ளே காதோடு காதாகப் பேச்சு. ஆமி கேம்புக்குப் போன்.

பொலிஸ் பெரியவர் என்னிடம் கேட்டது, ஆயுதத்துக்கு ஏன் பொட்டு. பால் வெட்டும் கத்திக்கும், மம்மட்டிக்கும், பெக்டரி மெஷினுக்கும் வைப்போம், சோறு போடுகிற எல்லாவற்றுக்கும் என்றேன். விடுகிறோம், கையெழுத்துப் போடு என்று என் வீட்டுக்காரரிடம் கடதாசியை நீட்டினார்கள். சிங்களம். அவருக்குப் பேச வரும், வாசிக்க வராது. பேனாவைப் பிடித்துவிட்டார்.

பிடுங்கி வாசித்தேன். ஆயுதம் கைப்பற்றப்பட்டது என்று இருக்கிறது. மரம் என்ற பேச்சே இல்லை! நாளைக்கு இதைக் காட்டி யாரும் மறுபடி பிடிக்கலாம்.

சிமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிங்களத்தில் ஒரு தடவை, அவருக்கும் கேட்கத் தமிழில் ஒரு தடவை: "மரம்னு எழுதுங்க. எழுதினாத்தான் எந்திரிப்பேன்."

"வா புள்ள, போயிருவோம்" என்று அவர் கெஞ்சினார். கான்ஸ்டபிள் கத்தினார். வாசலில் பெண்களும் உட்கார்ந்தார்கள். பகல் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் எழுதினார்கள். மரத்தால் செய்தது, ஆமிக்குச் செய்தது, ரெண்டும். வாசித்துப் பார்த்துப் பேனாவைக் கொடுத்தேன்.

ஒக்டோபர் 14. மழை.

அவர் உள்ளங்கை இன்னும் வீக்கம். அடித்தார்களா என்றால் கையைப் பின்னால் ஒளிக்கிறார். மஞ்சள் பற்றுப் போட்டேன். பாவி மக்கள்.

சாயந்தரம் முதலாளியின் ஆள். இன்னும் நாலு பீரங்கி அவசரமாம். யாருக்கும் தெரியாமல். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

நான் சொல்லி அனுப்பினேன். "ஒங்க மொதலாளியை பஸ் ஸ்டாண்டுல நின்னு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேக்கச் சொல்லு. அப்ப யோசிக்கிறோம்."

ஒக்டோபர் 18. முதலாளி இன்னும் கேட்கவில்லை.