ஆனி மாதத்துக் காதுகுத்து

மதினி,

நேற்று செல்வி வந்திருந்தாள். அவள் மகனுக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. கல்விக்கடனுக்குப் பென்ஷன்காரர் ஒருவர் ஜாமீன் போட வேண்டுமாம். நான்கு வருடத்துக்குக் கேட்டிருந்த தொகையைப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் நான் வீடு கட்டவே அவ்வளவு ஆகவில்லை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். குனிந்து தாளைத் திருப்பும்போது அவள் காதில் உங்கள் கம்மல் ஆடியது. அந்தக் காது குத்திய கதை, அண்ணனும் நீங்களும் போன பிறகு, எனக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும்.

எழுபத்திரண்டாம் வருடம் எனக்கு பி.எஸ்ஸி. சேரக் கார்டு வந்தது. அண்ணனுக்குச் சங்கரன்கோவிலில் தறிக்கூலி. இளையரசனேந்தல் நிலத்தில் மழை இல்லை. ஃபீஸும் ஹாஸ்டலும் கட்ட ஆனி கடைசி வரைதான் கெடு. அண்ணன் கையை விரித்துவிட்டார். நீங்கள்தான் வழி சொன்னீர்கள்.

"பிள்ளைக்குக் காதுகுத்து வைப்பம். மொய் விழும்லா."

மொய் இனாம் இல்லை. எழுதியவர் வீட்டு விசேஷத்தில் கூடப் போட்டுத் திருப்ப வேண்டியது. அதைவிடப் பெரிய சிக்கல், பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். உங்கள் அண்ணனோ பட்டாளத்தில் இருந்தார், தையில்தான் லீவு.

"எங்கண்ணன் கோவிச்சா சமாதானம் பண்ணிக்கிடலாம். காலேஜ்க்காரன் தைக்குச் சேப்பானா?" என்றீர்கள்.

உங்கள் ஒன்றுவிட்ட தம்பி மடியில் செல்வியை உட்கார வைத்தோம். மறுவாரம் நான் பெட்டியோடு பஸ் ஏறினேன். உங்கள் அண்ணன் சமாதானம் ஆகவே இல்லை. பனவடலிசத்திரத்துப் பிறந்த வீட்டுக்கும் உங்களுக்கும் போக்குவரத்து நின்றது. உங்கள் அம்மை இறந்ததைக்கூட யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டு ஓடினீர்கள்.

அந்த மொய்யையெல்லாம் அண்ணனும் நீங்களும் வருடக்கணக்காகத் திருப்பினீர்கள். எனக்கு வேலை கிடைத்த பிறகும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

செல்வி பிளஸ் டூ பாஸானபோது, அவளைக் காலேஜில் சேர்க்க ஒரே ஒரு முறை கேட்டீர்கள். எனக்கு அப்போது வீட்டுக்குக் கான்கிரீட் போடுகிற நேரம்.

"இந்த வருசம் கையக் கடிக்கு மதினி. அடுத்த வருசம் பாப்பம்."

"சரி தம்பி. கையக் கழுவுங்க, சோறு போடுதேன்."

அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம் வைத்தீர்கள். நான் நன்றாகவே மொய் எழுதினேன்.

நேற்று புறப்படும்போது செல்வி கண்கலங்கிவிட்டாள். "அன்னைக்கே என்னையப் படிக்க வைக்கேன்னு எவ்வளவோ சொன்னீகளாம்லா சித்தப்பா. அம்மைதான் பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குன்னு வேண்டாம்னுட்டாளாம், அவளே சொன்னா. சாகுற வரைக்கும் அவ மேல எனக்கு அந்தக் கோவம் போகல" என்றாள்.

எனக்காக உங்கள் அண்ணனை விட்டீர்கள். எனக்காகவே மகளின் கோபத்தையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

"நெசந்தானே சித்தப்பா?" என்று கேட்டாள்.

நேற்றாவது சொல்லியிருக்க வேண்டும், மதினி. ஆமாம் என்றுவிட்டேன்.