குழாயில் மாட்டிய மீட்டர்

மார்ச் 3, திங்கள்

நான் வாட்ச்மேனாக இருக்கும் உப்பு மில்லுக்கு இன்று ஒரு பெண் வந்தாள். பெயர் ஜான்சி, ஊர் பாண்டிச்சேரி. உப்புத்தூளைக் காற்று தள்ளிக்கொண்டு போகிற இரும்புக் குழாயில் ஒரு மீட்டர் மாட்டினாள். எண்ணெய்க் கம்பெனிக்காரியாம். எண்ணெய்க்கு மரக்காணத்தில் என்ன வேலை? முதியோர் வகுப்பில் போன வருஷம்தான் எழுதக் கற்றேன். இனி சந்தேகத்தை மனதில் சுமக்க வேண்டாம், எழுதி வைக்கலாம். என்ன சந்தோஷம்!

மார்ச் 4

கேட்டுவிட்டேன். "எண்ணெய்க் கிணத்துல கேஸோட மணலும் வரும் தாத்தா. குழாய்ல ஒரசி ஒரசி கரன்ட் ஏறும். எவ்ளோ ஏறும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டிருக்கோம். சரியான்னு இங்க உப்புத்தூள்ல பாக்கறோம். அங்க பொறி பட்டா வெடிச்சிடும், இங்க ஷாக்கோட போயிடும்."

பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. நம்பவில்லை. நாளைக்கே கிணறு தோண்ட வந்தால்? உப்பளம் போச்சு. குழாய் வாயில் மூட்டை பிடித்துத் தைக்கிற என் மகள் அம்சவள்ளிக்கு வேலையும் போச்சு.

மார்ச் 6

பாண்டியில் இருந்துகொண்டே போனில் மீட்டரைப் பார்ப்பாளாம். அப்போ என்னையும் பார்ப்பாளா? முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்தேன்.

"அதுக்கு கண்ணு இல்லப்பா. உன் மூஞ்ச பாக்கவா சம்பளம் குடுக்கறாங்க?" என்கிறாள் அம்சவள்ளி.

மார்ச் 7

மீட்டர் இருக்கிறது. நானும் இருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

மில் லீவு. குழாயிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் செம்புக் கம்பியில் பச்சை பூத்திருந்தது. அவள் மேல்தான் சந்தேகம், கம்பி மேல் என்ன கோபம்? உப்புக் காற்றில் எந்தக் கம்பியையும் கிரீஸ் பூசாமல் விடமாட்டோம். கம்பியைக் குழாயோடு கவ்வியிருந்த கிளிப்பைக் கழற்றி உள்ளும் புறமும் தாராளமாகப் பூசி மாட்டிவிட்டேன்.

மார்ச் 10

காலையில் ஜான்சி போன். "தாத்தா, ரீடிங் ஏறிக்கிட்டே போவுது. மில்ல நிறுத்தச் சொல்லுங்க. யாரும் குழாய தொட வேணாம்."

பார்த்தாயா, மில்லை மூடத்தான் வந்திருக்கிறாள்! அவள் சொன்னதையும் என் சந்தேகத்தையும் முதலாளி சக்கரபாணியிடம் சொன்னேன். "ஓடட்டும்யா" என்றார். நானும் தலையாட்டினேன். ஆட்டினேனே, பாவி. கொஞ்ச நேரத்துல அம்சவள்ளி கத்தறா — குழாய்ல கை பட்டு ஷாக் அடிச்சு, கை துள்ளி தையல் மிஷின்ல போயிடுச்சு. விரல்ல ஊசி. மூட்டையெல்லாம் ரத்தம். ஓடிப்போய் சுவிட்ச அணச்சேன். முன்னாடியே அணச்சா என்ன?

மார்ச் 11

எலும்புக்கு ஒன்றுமில்லை. விரலில் தையல் போட்டிருக்கிறார்கள். ஜான்சி வந்து கிளிப்பைக் கழற்றினாள். கையெல்லாம் கிரீஸ்.

"யாரு பூசினது?"

"நான்தாம்மா."

கிரீஸைத் துணியில் துடைத்தாள். "வெளியில பூசலாம் தாத்தா. கம்பியும் குழாயும் ஒட்டற எடத்துல பூசினா கரன்ட் எப்படி மண்ணுல எறங்கும்? எங்க கணக்குல காத்து இருக்குது, ஈரம் இருக்குது. கிரீஸ் டப்பாவோட வர்ற ஆளத்தான் சேக்கல."

மார்ச் 20

ஜான்சி வேலை முடிந்து கிளம்பினாள். மீட்டர் இங்கேயே இருக்கட்டும் என்றாள். அவள் பஸ் ஏறியதும் முதலாளி ஸ்பேனரோடு வந்தார்.

"அர்ச்சுனா, இது சும்மா சும்மா மில்ல நிறுத்தச் சொல்லுது. கழட்டிடு."

ஏன் இவ்வளவு அவசரம்? இந்த ஆளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். "சரிங்க" என்று வாங்கிக்கொண்டேன்.

அம்சவள்ளி நாளைக்கு வேலைக்கு வருகிறாள். நான் குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மீட்டர் குழாயில்தான் இருக்கிறது. ஸ்பேனர் என் மடியில் இருக்கிறது.