தோணி வராத கிறிஸ்துமஸ்

என் பிலோமி மதினிக்கு,

நீங்கள் இப்போது இருக்கிற இடத்தில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நேற்று உங்களுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்தது. உங்கள் தம்பிக்கு முட்டி மடங்குவதில்லை என்பதால் கோயிலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து காப்பித் தம்ளரைக் கையில் வாங்கியவர் குடிக்காமலே இருந்தார். பிறகு இத்தனை வருஷமும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"ஏளா செல்வம், எங்க அக்கா ஏன் கல்யாணமே வேண்டாம்னுட்டா? ஒனக்கு ஏதும் தெரியுமா?"

"காப்பி ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் வந்துவிட்டேன். வந்த வேகத்தில் பால் பாத்திரத்தைச் சாய்த்துவிட்டேன். ராத்திரி தூங்கவில்லை. அவருக்குச் சொல்வதா வேண்டாமா என்று உங்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன் மதினி?

அந்த ஒரு வருஷம்தான் எனக்கு எப்போதும் கண்ணில் நிற்கிறது. எழுபதுகளின் நடுப்பகுதி. புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. நம் வீட்டுச் சோறு மட்டும் பழைய துறைமுகத்துத் தோணியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மே மாதம் உங்கள் தம்பி லூர்துவுக்கு என்னைக் கட்டி வைத்தார்கள். எனக்கு இருபது வயது. மூத்தவள் நீங்கள் இருக்கும்போது தம்பிக்கு முதலில் கல்யாணமா என்று தெரு முழுக்கப் பேச்சு. "எனக்கு இப்ப வேண்டாம், அவனுக்கு முடிங்க" என்று நீங்கள்தான் பிடிவாதமாக நின்றீர்களாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், சொந்தச் சம்பளம், அதனால் வந்த திமிர் என்றார்கள். கல்யாணத்தன்று பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த ஒல்லியான மனிதரை உங்கள் தம்பி எனக்குக் காட்டினார். "இவன் முருகேசன், என்கூடத் தோணியில வாரவன். விளாத்திகுளத்துப் பக்கம். மழை இல்லாம வெள்ளாமை போச்சுன்னு கடலுக்கு வந்துட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நீங்கள் சிரித்தீர்களா என்று பார்க்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசிக் கடைசியில் அவர்கள் தோணி கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனது. தோணியை நடத்துகிற தண்டலோடு சேர்த்துப் பத்துப் பேர். காற்று ஒத்து வந்தால் இரண்டு மூன்று நாளில் சேர்ந்துவிடும். அவர்கள் போன மறுநாள் ரேடியோவில் புயல் என்றார்கள். அன்று சாயந்தரமே கடல் சத்தம் நம் தெருவரைக்கும் கேட்டது. வீட்டு ஓடு நாலைந்து பறந்தது. உங்கள் அம்மா, என் மாமி, செபமாலையை எடுத்தவர்கள் கீழே வைக்கவில்லை.

புயல் ஓய்ந்தது. முதல் வாரம் கொழும்பில் இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டோம். இரண்டாவது வாரம், கொழும்புக்குத் தோணி வரவில்லை என்று முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத்தான் தெரியும். சோறு வடிக்கும்போது அழுவேன். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினாலே ஓடிப்போய்ப் பார்ப்பேன். நீங்கள் டியூட்டி முடிந்து வருகிற நேரம் பார்த்து ஜன்னலில் நிற்பேன். தெருமுக்கில் நீங்கள் திரும்பும்போதே உங்கள் நடையைப் பார்ப்பேன். வேகமாக வந்தால் சேதி, மெதுவாக வந்தால் ஒன்றுமில்லை. எத்தனை நாள் மெதுவாகவே வந்தீர்கள்!

கொச்சி, கொல்லம், ராமேஸ்வரம், நாகப்பட்டினம் என்று எல்லா ஊர் ஆபரேட்டர்களும் உங்களுக்குக் குரலால் பழக்கம். லைன் சும்மா கிடக்கும்போதெல்லாம் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். எங்காவது தோணி ஒதுங்கியதா, உடைந்த பலகையாவது கரைக்கு வந்ததா, ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாத ஆள் கிடக்கிறாரா? முகம் தெரியாத அந்தப் பெண்கள் தங்கள் ஊர்த் துறைமுகத்தில் விசாரித்துவிட்டு, "இல்லை சேச்சி", "இல்லைக்கா" என்று சொல்வார்களாம். அந்த இல்லையை வீட்டுக்குக் கொண்டுவந்து மாமிக்குச் சொல்லாமல் எனக்கு மட்டும் சொல்வீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது குசினியில் நாம் இரண்டு பேரும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டில் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான்தான் பேச்சை எடுத்தேன். கவிழ்ந்திருந்தாலும் கட்டையைப் பிடித்து நீந்தியிருப்பார்கள், நம் ஆள்கள் சின்ன வயதிலிருந்து கடலில் கிடந்தவர்கள்தானே என்றேன். நீங்கள் சுளகை நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்:

"அவியளுக்கு நீச்சல் தெரியாதுளா."

எனக்குப் புரியவில்லை. "என்ன மதினி, நல்லா நீந்துவாகளே" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் உறைத்தது. உங்கள் தம்பியை நீங்கள் ஒருநாளும் 'அவிய' என்று சொன்னதில்லை. அவருக்கு எப்போதும் 'அவன்'தான். பத்துப் பேரில் நீச்சல் தெரியாத ஒரே ஆள் கரிசல் காட்டிலிருந்து வந்தவர்.

"முருகேசண்ணனா?" என்று கேட்டேன். நீங்கள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டீர்கள். வெளியே மாமி கட்டிலில் இருந்தார்கள்.

"இந்த நடை போயிட்டு வந்து லூர்துகிட்டப் பேசுதேன்னு சொல்லிட்டுப் போனாவ. பீச் ரோட்டுல வச்சுத்தான் சொன்னாவ. வேற சாதி, வேற வேதம், அவன் அடிச்சாலும் வாங்கிக்கிடுதேன், நீ மட்டும் பயந்துராதன்னாவ" என்றீர்கள். அவ்வளவுதான். அரிசியை மறுபடி புடைக்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

அன்றையிலிருந்து என் பயம் இரண்டு மடங்கானது. எனக்கு அழ உரிமை இருந்தது. என் கண் வீங்கினால் ஊரே வந்து தலையைத் தடவியது. நீங்கள் அழுதால் தம்பிக்கு அழுகிறாள் என்றார்கள். அதுவும் ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று, இல்லையா? தம்பி பெயரைச் சொல்லி நீங்கள் இரண்டு பேருக்கும் அழுதீர்கள். ஆனால் உங்கள் தலையை யார் தடவினார்கள்?

தை மாதம் பெரியப்பா வந்தார். முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னும் எத்தன நாளைக்கு? பூசை வச்சிருவோம். ஆத்துமா அலையக் கூடாது. அந்தப் பிள்ளைக்கும் செய்ய வேண்டியதைச் செஞ்சிருவோம்" என்றார். செய்ய வேண்டியது என்றால் என் தாலியைக் கழற்றுவது. மாமி சுவரைப் பார்த்தார்கள். நான் தாலியைக் கையால் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

நீங்கள் டியூட்டிக்குப் புறப்பட்ட கோலத்தில், கையில் குடையோடு, முற்றத்தில் இறங்கி நின்றீர்கள்.

"பிரேதத்தைக் கண்ணுல பாத்தியளா பெரியப்பா?"

"பாக்காட்டா? கடல்ல போனவன் எங்கன கெடைப்பான்?"

"பாக்காம யாரும் செத்துப் போக வேண்டாம். நான் நாளைக்கும் கேப்பேன், நாளாண்ணைக்கும் கேப்பேன். ஆள் இல்லன்னு ஒருத்தன் என் காதுல சொல்லட்டும். அதுவரைக்கும் இவ கழுத்துல யாரும் கை வைக்கக் கூடாது."

பெரியவரிடம் இப்படியா பேசுவது என்று அவர் எழுந்து போய்விட்டார். ஊரில் உங்களுக்கு இன்னும் கெட்ட பெயர். எனக்கு உயிர் திரும்பியது மதினி. ஆனால் அந்தச் சொல் பயமாகவும் இருந்தது. அப்படி ஒருவன் உங்கள் காதில் வந்து சொல்லிவிட்டால் என்ன ஆவீர்கள்?

வந்து சொல்லிவிட்டானே.

மாசி மாதம். தவக்காலம் தொடங்கியிருந்தது. மத்தியானம் ஜன்னலில் நின்றேன். தெருமுக்கில் நீங்கள் திரும்பினீர்கள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. அந்த நடையை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. வாசலில் நின்றபடியே, "லூர்து உசிரோட இருக்கான். கொழும்புக்கு வந்து சேந்துட்டான்" என்றீர்கள்.

மாமி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. யாரோ ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார்கள். என்னைக் கட்டிப்பிடித்தவர்கள் தோளுக்கு மேலாக உங்களைத் தேடினேன். நீங்கள் என்னைப் பார்த்து ஒருதடவை தலையை ஆட்டினீர்கள். இல்லை என்று. பிறகு குசினிக்குள் போய், வந்தவர்களுக்கெல்லாம் தேயிலை போட்டீர்கள்.

அந்தச் சேதி எப்படி வந்தது என்று பல நாள் கழித்துத்தான் சொன்னீர்கள். கொழும்பிலிருந்து தோணி முதலாளிக்கு வந்த டிரங்க் கால் உங்கள் போர்டில்தான் விழுந்தது. லைனைக் கொடுத்துவிட்டுக் காதை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. நீங்கள் எடுக்கவில்லை. புயலில் பாய்மரம் ஒடிந்து, நீரோட்டத்தில் இழுபட்டு மாலத்தீவுப் பக்கம் ஒரு சின்னத் தீவில் ஒதுங்கினார்கள், அங்கே போனும் இல்லை, தபாலும் இல்லை, இப்போதுதான் ஒரு படகு கொண்டுவந்து விட்டது என்று எதிர்முனை சொன்னது. ஒவ்வொரு பெயராகச் சொன்னது. லூர்து பெயர் வந்தது. நீங்கள் மேலும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பெயர்கள் முடிந்தன. முதலாளிதான் கேட்டாராம், "அந்த விளாத்திகுளத்துப் பையன்?" என்று.

"அவன் இல்ல அண்ணாச்சி."

அந்த நேரத்தில் மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது. ஆபரேட்டர் குறுக்கே வந்து கேட்க வேண்டும். "மூணு நிமிஷம் ஆயிட்டு, இன்னும் நீட்டிக்கணுமான்னு கேட்டேன்ளா. என் குரல்தான். நல்லாத்தான் வந்துச்சு" என்றீர்கள். இதைச் சொல்லும்போதும் உங்கள் குரல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை.

உங்கள் தம்பி காலில் ஆறாத புண்ணோடு வந்து சேர்ந்தார். முதல்நாள் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் கதையைச் சொன்னார். ஒடிந்த பாய்மரம் கயிற்றோடு தொங்கித் தோணியைச் சாய்த்துவிட்டது. கயிற்றை அறுக்காவிட்டால் எல்லோரும் கவிழ்வோம். தண்டல் கூப்பிட்டும் யாரும் நகரவில்லை. முருகேசன் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஊர்ந்து போனான். கயிறு அறுந்தது, தோணி நிமிர்ந்தது, அடுத்த அலையில் அவன் இல்லை.

"நீச்சல் தெரியாத பய. யாரு பெத்த பிள்ளையோ, எங்க உசிரக் காப்பாத்திட்டுப் போயிட்டான்" என்று உங்கள் தம்பி அழுதார்.

நீங்கள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "கடைசியா ஏதும் சொன்னாராடா?"

"அந்தக் காத்துல என்னக்கா கேக்கும்?"

கால் புண்ணோடு அவரால் போக முடியாது என்று, துக்கம் கேட்க மாமி நம்மைத்தான் விளாத்திகுளத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து கரிசல் காட்டில் நடந்து போனோம். முருகேசண்ணனின் அம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் போய்ப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அவர்கள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். அந்த அம்மா உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்து, "நீ யாரு தாயி?" என்று கேட்டார்கள்.

சொல்லிவிடுவீர்களோ என்று பயம். சொல்லாமல் வந்துவிடுவீர்களோ என்று அதைவிடப் பெரிய பயம்.

"கூடத் தோணியில போனவனோட அக்கா" என்றீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு தூத்துக்குடி வரைக்கும் அழுதீர்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை. வந்த வரன்களையெல்லாம் தட்டிவிட்டீர்கள். நைட் டியூட்டி, ரிடையர்மென்ட், கண் ஆபரேஷன் என்று காலம் போய்விட்டது.

இப்போது என் கவலையைக் கேளுங்கள். உங்கள் தம்பி அந்தக் கயிறு அறுத்த கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்! நம் பிள்ளைகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு, கிறிஸ்துமஸுக்கு வந்த விருந்தாளிகளுக்கு. ஒவ்வொரு தடவையும் நீங்கள் அதே வீட்டில் இருந்தீர்கள். உங்கள் எதிரிலேயே அதைச் சொல்லிச் சொல்லி வந்திருக்கிறோம் என்று தெரிந்தால் அவர் தாங்குவாரா? ஏற்கெனவே நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சொல்லாமல் விட்டால், அக்கா ஏன் தனியாக இருந்தாள் என்று தெரியாமலே அவரும் போய்விடுவார். அதுவும் சரியா? சொல்லாதே என்று நீங்கள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல் என்றும் சொன்னதில்லை.

விடிய விடிய யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வருகிற கல்லறைத் திருநாளன்று சாமியார் தீர்த்தம் தெளித்து உங்கள் கல்லறையை மந்திரிக்க வரும்போது பெயர் கேட்பார். பிலோமினா என்று சொல்வேன். அதோடு முருகேசன் என்றும் சொல்வேன், பக்கத்தில் நிற்கிற உங்கள் தம்பிக்குக் கேட்கும்படியாக. அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, முழுவதையும் சொல்லிவிடுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது மதினி. ஆனாலும் சொல்வேன். இது சத்தியம்.

என்றும் உங்கள் தம்பி பெண்டாட்டி,
செல்வம்